புது டிவியும் என் கண்ணும்

குழந்தைகளின் வயிற்றில் சிறு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு ஆபரேஷன் செய்வது என் வேலை. சென்ற வருடம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு, உள்ளே இருப்பதை ஆழத்தோடு காட்டும் முப்பரிமாணத் திரை வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். "அய்யோ, கையை நீட்டித் தொட்டுடலாம் போல இருக்கே!" என்று நர்ஸ்கள் கூவினார்கள். எனக்குப் பழைய படம்தான் தெரிந்தது, கொஞ்சம் இருட்டாக. கண்ணாடியில்தான் கோளாறு என்று கம்பெனிக்காரரை ஒரு பிடி பிடித்தேன். கண்ணாடியை மாற்றியும் அதே கதைதான்.

கண் டாக்டர் சோதித்துப் பார்த்தார். சின்ன வயதில் எனக்கிருந்த மாறுகண்ணைச் சரிசெய்திருந்தாலும், இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கப் பழகவே இல்லையாம்; அப்படிப் பார்த்தால்தான் திரையின் ஆழம் தெரியுமாம். தூக்கிவாரிப் போட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் நான்! நிழலையும் அசைவையும் வைத்தே இத்தனை வருடம் ஆழத்தைக் கணித்திருக்கிறேன். என் தையலில் யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வாரமே தொட்டியத்திலிருந்து வாழை விவசாயி ஒருவர் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பித்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. அதை வெட்டியெடுத்து, மிச்சக் குழாயைக் குடலோடு தைக்க வேண்டும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

"ஏதோ புது டிவி வந்திருக்காமே, நர்ஸம்மா சொன்னாங்க. அதுல பாத்து, உங்க கையாலயே பண்ணிடுங்க மேடம்" என்றார்.

"ரெண்டும் சேராதுங்க. அதுல தெரியுற ஆழம் என் கண்ணுக்குத் தெரியாது. பழைய டிவின்னா நான் பண்றேன். புதுசுன்னா என்கூட இருக்கிற டாக்டர் பண்ணுவார்."

"எது நல்லதுங்க?"

"இந்தத் தையலுக்கு ஆழம் தெரிஞ்சா நல்லதுதான்."

அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். அவரே பண்ணட்டும்."

சுருக்கென்றது. கேட்டதற்கு உண்மையைச் சொன்னவளே நான்தான், யாரைக் கோபித்துக்கொள்வது?

ஆபரேஷனில் நான் கேமரா பிடித்தேன். தையலின் நடுவே அந்த டாக்டர் பழக்கதோஷத்தில், "ஊசி தப்பா குழாயோட பின்சுவர்லயும் மாட்டிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்டா? உங்களுக்குத்தானே தெரியுது, பாத்துச் சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

உற்றுப் பார்த்துவிட்டு, "மாட்டலை" என்றார். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தையல் கசியவில்லை. குழந்தை இட்லி கேட்டு அடம்பிடித்த அன்று, அவள் அப்பா அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். சந்தோஷம்தான். அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று வயிறும் எரிந்தது.