நாற்பத்தொண்ணு எழுபத்தாறு

எங்கள் வீட்டில் எந்த நம்பரும் யார் மனத்திலும் நிற்காது, எனக்கு மட்டும் நிற்கும். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, செல்போனில் வரும் அழைப்பை எடுக்கத் தெரியுமே தவிர, பெயர் போட்டுப் பதிய வராது. ரெக்சின் வியாபாரி நம்பர், கேஸ்காரர் நம்பர், பெரியம்மா வீட்டு நம்பர், எது வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார். பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் வாயில் நுரையோடு ஒப்பிப்பேன். எனக்கு 'நடமாடும் டைரி' என்று பெயர் வைத்தவர் மாமா. பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. உப்பிலியபுரம் பக்கம் வயல் வயலாகப் போய் டீசல் பம்ப்செட் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவர், துபாய்க்குப் போய் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பாய்மரப் படகில் இன்ஜின் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். பாய் கட்டிய படகுக்கு எதற்கு இன்ஜின் என்று நான் கேட்டேன்.

"காத்து ஒங்க அத்தா மாதிரிம்மா. தனக்குத் தோணுனாத்தான் வரும். ஹார்பருக்குள்ள நொழையறப்ப அத நம்பி நிக்க முடியுமா?" என்றார்.

அத்தா பாலக்கரையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். சொன்ன தேதியில் ஒரு சீட் கவரைக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. மாமா சொன்னதைக் கேட்டு அவரே முதலில் சிரித்தார்.

அந்த லீவில் வந்தபோது மாமா, அத்தர் பாட்டில், பால் பவுடர் டின்களோடு ஒரு பழைய ஆயில் ஃபில்டரையும் கொண்டுவந்திருந்தார். சொம்பு உயரத்தில் ஒரு வெள்ளைத் தகர டப்பா, மேலே நம்பர் அச்சடித்திருக்கும். ஒரு பக்கம் மூடியிருக்கும். மறுபக்கம் நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டையும் அதைச் சுற்றி எட்டுச் சின்ன ஓட்டைகளும் இருக்கும். இன்ஜின் ஆயிலில் சேரும் கசடை வடிகட்டுவது இதன் வேலை. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். படகுச் சாமான் கடைகளில் இதை யானை விலை குதிரை விலை சொன்னார்களாம். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். நம் ஊர் டிராக்டரில் மாட்டுகிற அதே ஜாதிதான் என்று கண்டுபிடித்து, எங்கள் ஊரில் ஆறு வாங்கித் தருகிறேன் என்று கிழவரிடம் மார்தட்டிவிட்டார். கிழவர் அடுத்த மாதம் நெடும்பயணம் புறப்படுவதாக இருந்தார். அது நல்லபடியாக முடிந்தால் மாமாவின் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் உறையூரில் பேசி வைத்திருந்த பெண்ணோடு நிக்காஹ். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெரியவர்கள் பேசும்போது நான் எங்கே போனேன்?

"நம்பர எழுதி வைக்கவா மாப்ள?" என்று அத்தா கேட்டார்.

"எதுக்கு மச்சான்? டைரிதான் நிக்கிதே. நாற்பத்தொண்ணு எழுபத்தாறு. சொல்லும்மா."

சொன்னேன். ஊருக்குப் போகும்வரை தினமும் என்னை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

அவர் போனபின் அந்த டப்பா அலமாரியில் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அருமையான பேனா ஸ்டாண்ட் என்றே எனக்குத் தோன்றியது. நடு ஓட்டையில் பேனா நிற்கும், சுற்றியுள்ள ஓட்டைகளில் பென்சில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் சோப்புத்தூளும் போட்டு ஆயில் நாற்றம் போகத் தேய்த்தேன். நாற்றத்தோடு வெள்ளைப் பெயின்ட்டும் நம்பரும் போய்விட்டன. பென்சில்களோ உள்ளே இறங்கவில்லை. ஓட்டைகளுக்கு அடியில் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு ரப்பர் தடுத்தது. ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, அம்மாவின் கொண்டை ஊசியால் கிழித்துக் கிழித்து வெளியே எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. பிறகு எட்டுப் பென்சில்களும் அழகாக நின்றன.

ஃபில்டர் வாங்கப் போகிற அன்று அத்தா டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லா பளபளன்னு வச்சிருக்கியே. நம்பர் போயிருச்சே?" என்றார். "எனக்குத் தெரியும்ல" என்றேன். அதுவரை நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

மாமாவின் ஹார்பர் ஆபீசில் கணக்கு எழுதும் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். மறுநாள் காலை விமானத்தில் திரும்புகிறார். எங்களைப் போன்ற வீடுகளில் இப்படித்தான், அங்கே போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவதுதான் தபால். அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. மாமாவிடம் ஏதாவது கேட்கலாம் என்றால் அவர் பயணத்துக்கு முன் ஒத்திகை ஓட்டமாகக் கிழவரோடு நான்கு நாளாகக் கடலில் இருந்தார், போன் கிடைக்கவில்லை.

டீசல் சாமான் கடைக்காரர் அத்தாவுக்குப் பழக்கமானவர். டப்பாவை வாங்கி மரையை அளந்தார், விளிம்பை அளந்தார். அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"பாய், ரெண்டும் இதுல பூட்டும். மர ஒண்ணு, ஒசரம் ஒண்ணு. ஆனா எழுபத்தாறுல உள்ள ரப்பர் இருக்கு, அறுபத்தேழுல இல்ல. நட்டுக்க நிக்கிற ஃபில்டர்னா ரப்பர் வேணாம். படுக்க வாக்குல பூட்டறதுன்னா ரப்பர் கண்டிப்பா வேணும். இல்லாட்டி இன்ஜின நிறுத்துனதும் ஆயில் பூரா கீழ எறங்கிரும், மறுபடி ஸ்டார்ட் பண்றப்ப கொஞ்ச நேரம் வெறும் இரும்பு இரும்போட ஒரசும். ஒங்களுது எப்பிடி?"

அத்தாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"நாற்பத்தொண்ணு எழுபத்தாறு" என்றேன்.

கடைக்காரர் எழுபத்தாறைப் பிரித்து ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் காட்டினார். கறுப்பாக, வழுவழுவென்று அதே ரப்பர் அசைந்தது. பிறகு என் பேனா ஸ்டாண்டுக்குள் கம்பியை விட்டார். கம்பி தடையில்லாமல் உள்ளே போனது.

"இதுல ரப்பர் இல்லயே. அப்ப அறுபத்தேழாத்தான் இருக்கணும். பாப்பா மாத்திச் சொல்லுது."

"இவ மாத்திச் சொல்ல மாட்டாளேண்ணே" என்றார் அத்தா. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

யோசிக்க ஒன்றுமில்லை. எழுபத்தாறுதான் என்று சொன்னால், பிறகு ரப்பர் எங்கே என்று கேட்பார்கள். கொண்டை ஊசிக் கதை வெளியே வரும். அத்தா அடிக்கிறவர் இல்லை. ஆனாலும் அவர் அந்தக் கடையில், தெரிந்த மனிதர் முன்னால், என்னைப் பார்த்து முகம் சுருக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

"அறுபத்தேழுதான் அத்தா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அத்தா தயங்கினார். "ஒண்ணு செய்வோம். அதுல மூணு, இதுல மூணு போட்டுடுங்கண்ணே. மாப்ள பாத்துக்கட்டும்."

எனக்குக் கடவுள் திறந்துவிட்ட கதவு அது. நான் அதையும் அறைந்து சாத்தினேன். இரண்டு நம்பரும் போனால் மாமா ஏன் என்று கேட்பார் என்பது அந்தப் பொல்லாத மூளைக்கு அந்த நேரத்திலும் எட்டியது. "அறுபத்தேழுதான்னு சொல்றேன்ல. என்னை நம்ப மாட்டீங்களா?" என்று கண்ணில் நீர் வரக் கேட்டேன். அத்தா உடனே, "சரி சரி, அழுவாத. அறுபத்தேழே ஆறு குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மொபெட்டில் காவிரிப் பாலம் தாண்டினோம். பையில் ஃபில்டர்களுக்கு மேலே அம்மா தம்பிக்கென்று மாசிக் கருவாட்டுப் பொடியை வைத்திருந்தாள். பாலத்தின் நடுவிலேயே அத்தா வண்டியை நிறுத்தி, அந்தப் பொட்டலத்தை எடுத்து சீட்டுக்கு அடியில் ஒளித்தார். உத்தர வீதியில் அந்த சார், "வாங்கோ பாய். மூணு கிலோவுக்கு மேல என்னால எடுத்துண்டு போக முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்கோ" என்று பையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கல்கண்டு கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் கருவாட்டுப் பொடியை நினைத்து அத்தா சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன்.

மாமாவுக்குப் பார்சல் போய்ச் சேர்ந்தபோது படகு புறப்படும் அவசரம். டைரி சொன்ன நம்பர் தப்பாது என்று பிரிக்காமலே உள்ளே வைத்துவிட்டார். பயணத்தின் நடுவில் ஆயில் மாற்றும் நாள் வந்தது. பழைய ஃபில்டர் இறுகிப்போயிருந்ததால் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகிக் கழற்றினார். அதன் பிறகுதான் புதியதைப் பிரித்தார். ஆறும் அறுபத்தேழு. அந்தப் படகில் ஃபில்டர் படுக்கை வாக்கில்தான் நிற்கும். பழையதில் ஓட்டை விழுந்தாயிற்று. வேறு வழியில்லாமல் இதையே பூட்டினார். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. வழியில் எத்தனையோ சின்னச் சின்னத் துறைகள், எத்தனையோ ஸ்டார்ட்டுகள். ஒரு நாள் துறைக்குள் நுழையும்போது காற்றும் விழுந்தது, இன்ஜினும் இறுகி நின்றது. படகு கல் சுவரில் விலா தேயப் போய் முட்டியது. யாருக்கும் காயமில்லை. இதெல்லாம் எங்கே வாங்கியது என்று கிழவர் கேட்டாராம். எங்கள் ஊரில் என்று மாமா சொன்னாராம். அவ்வளவுதான், டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வந்த மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தா மெஷினில் ஒரு அவசர சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார். மாமா என் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டை எடுத்துப் பென்சில்களை ஒவ்வொன்றாக உருவி வைத்தார். ஓட்டைகளின் ஓரத்தில் இருந்த கீறல்களை விரலால் தடவினார். பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"நான் அன்னிக்குச் சொன்ன நம்பர் என்னம்மா?"

"நாற்பத்தொண்ணு எழுபத்தாறு" என்றேன், பட்டென்று. என் ஞாபகத்தில் குறை சொல்ல முடியாது பாருங்கள் என்ற பெருமைகூட அந்தக் குரலில் இருந்திருக்கும்.

தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. மாமா பென்சில்களை இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகி, "சரிம்மா, போய்ப் படி" என்றார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடியிருந்தார்கள். உறையூர்க்காரர்கள் நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய நாள் அது. பெரியம்மா அம்மாவைப் பார்த்து, "ஒன் வூட்டுக்காரர் சல்லிசாக் கெடச்சத வாங்கி அனுப்பிட்டாரு. எந்தம்பி வாழ்க்க போச்சு" என்றாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். அத்தா என்ன சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதான்" என்றார் அத்தா. "கடைக்காரர் அத்தன சொன்னாரு. நான்தான் சரியாக் கேக்கல."

மாமா தலையைத் தூக்கி அத்தாவைப் பார்த்தார். பிறகு, "மச்சான் மேல தப்பு இல்ல. பிரிச்சுப் பாக்காம வச்சது நான்" என்றார். கடையில் நான் அழுததை அத்தா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அல்லாஹ் என்னைக் காப்பாற்றினான் என்றுகூட நினைத்தேன். சொம்பைக் கொண்டுபோய் அத்தாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

மாமாவுக்கு ஆறு வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இப்போது ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறார், என் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார். பெரியம்மா சாகும்வரை அத்தாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தாவும் போய்விட்டார். சொல்ல வேண்டிய வாய் என்னிடம் இருந்தது, சொல்ல எத்தனையோ வருடங்களும் இருந்தன. நான் சொல்லவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அத்தா கடையில் ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்தார். ரெக்சின் வியாபாரி, கேஸ்காரர், பெரியம்மா வீடு என்று கோணல் எழுத்தில் எல்லா நம்பரையும் அதில் எழுதிக்கொண்டார். அதன்பின் வீட்டில் யாரும் என்னிடம் நம்பர் கேட்கவில்லை. எனக்குப் படிப்பு அதிகமாகிவிட்டது, தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.