டொப்பென்று கேட்ட இடம்

என் சட்டைப் பையில் எப்பவும் ஒரு பழைய அஞ்சு ரூபாய்க் காசு கிடக்கும். இப்ப வர்ற மெல்லிசுக் காசு இல்லை, முன்னால் வந்த கனத்த காசு. அதை எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டேன். அது செலவுக்கு இல்லை, தட்டுறதுக்கு.

நான் அக்காள்மடம் பக்கத்தில் ஒரு பட்டறையில் பைபர் வள்ளம் செய்கிறவன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுதுவேன். பிள்ளைகளே, பைபர் வள்ளம் மரத்தில் செய்வதில்லை. கண்ணாடி நூலில் செய்த பாய் மாதிரி ஒன்று வரும், அதை மேட்டு என்போம். அதை அச்சுக்குள் விரித்து, மேலே ரெசின் என்கிற பசையைப் பூசி, ரோலரால் அழுத்தித் தேய்ப்போம். அதன் மேல் அடுத்த மேட்டு. இப்படி அடுக்கடுக்காக. ரெசினில் ஹார்ட்னர் என்று ஒரு மருந்தை அளவாகக் கலந்தால்தான் அது இறுகிக் கல்லாகும். ரோலர் போடும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் பொள்ளலாகிவிடும். பெயிண்டு அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காசால் தட்டினால் தெரியும். நல்ல இடம் டங்கென்று சொல்லும். பொள்ளல் டொப்பென்று சொல்லும்.

எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டொப் எவன் காதில் விழுகிறதோ, அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன்னால் சாக்பீஸால் அந்த இடத்தில் வட்டம் போட்டுவிட வேண்டும். தன் வேலையா, அடுத்தவன் வேலையா என்று பார்க்கக் கூடாது. வட்டம் போட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசணும். அந்த வள்ளத்தில் ஆள் கடலுக்குப் போகிறான், அதுதான் காரணம்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். வள்ளத்தில் இல்லை. ஒரு ரிமோட் வண்டியில்.

வண்டி என் மச்சினனுடையது. என் வீட்டுக்காரியின் தம்பி, துபாயில் ஏசி மெக்கானிக். லீவில் வரும்போது பெட்டிக்குள் துணிக்குப் பதிலாக ஒரு மான்ஸ்டர் டிரக்கைச் சுற்றிக் கொண்டுவந்தான். ஒரு கொழுத்த பூனை அளவு இருக்கும். டயர் மட்டும் தேங்காய் அளவு. மணலில் பாயும், மணல் குவியலில் ஏறும், பலகை வைத்தால் ஆள் உயரத்துக்குக் குதிக்கும். அவன் ஓட்டுவான், என் மகள் கூடவே ஓடுவாள். எட்டாவது படிக்கிறாள். சாயங்காலம் ஓட்டம் முடிந்ததும் பழைய டூத் பிரஷை எடுத்து வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குள் போன மணலை ஒவ்வொரு மணியாகத் தட்டி எடுப்பாள். உப்பு மணல் பேரிங்கைத் தின்றுவிடும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த வண்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போவானா என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவன் கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, வண்டி குதித்து மூக்கு குத்தி இறங்கியது. படீரென்று ஒரு சத்தம். அவன் தூக்கிப் பார்த்தான். நடுவில் இரண்டாக மடங்கித் தொங்கியது.

"சேஸிஸ் போச்சு மச்சான்" என்றான்.

சேஸிஸ் என்றால் அடிப்பலகை. மோட்டார், பேட்டரி, ஷாக்கு, சக்கரம் எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கும். வள்ளத்துக்கு அடியில் நீளமாக ஓடுகிற ஏரா எப்படியோ, வண்டிக்கு இது அப்படி. கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தான். புதுசு ஆர்டர் போட்டால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

"அத்தா செஞ்சிருவாங்க" என்றாள் மகள்.

"உங்கத்தா செய்றது வள்ளம்டி. அது மிதக்கும். இது குதிக்கணும்."

"வள்ளமும்தான் மாமா குதிக்கும். ஆடிக் காத்துல ஒரு நாள் ஏறிப் பாருங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா சேதி? சரி புள்ள. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் கருவாட்டுத் தளத்துல மூணு தடவை குதிக்க விடுவோம். அத்தா செஞ்ச பலகை நின்னுச்சுன்னா வண்டி உனக்கு. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை என் பெட்டியில ஏறிடும்."

"பந்தயம் ஹராம்டா" என்று அடுப்படியிலிருந்து அவன் அக்கா சத்தம் போட்டாள்.

"பந்தயம் இல்லக்கா, இது டெஸ்ட்டு."

முதல் பலகையை நான் வள்ளம் செய்கிற புத்தியில் செய்தேன். மேட்டு மேல் மேட்டாகப் பத்து அடுக்கு. யானை மிதித்தாலும் உடையாது. திங்கட்கிழமை வண்டியை அதில் மாட்டி இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தோம். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்பக்கத்து ஸ்குரு நாலும் பிய்த்துக்கொண்டு வந்து, சக்கரம் ஒரு பக்கம் உருண்டது. மகள் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அத்தா, இது கொஞ்சங்கூட வளைய மாட்டேங்குது. அதான் அடியெல்லாம் ஸ்குருவுக்குப் போகுது."

அவள் சொன்னது சரி. அலையில் போகிற வள்ளம்கூட ஒரு நூல் வளைந்துதான் கொடுக்கும். வளையாதது உடையும், இல்லையென்றால் தன்னிடம் ஒட்டியிருக்கிறதை உடைக்கும். பலம் வேறு, தாங்குவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

வியாழக்கிழமை இரண்டாவது பலகை. நாலே அடுக்கு. இரண்டு ஓரத்தையும் தாம்பாள விளிம்பு மாதிரி மேலே மடித்துவிட்டேன். அப்படிச் செய்தால் நீளவாக்கில் விறைப்பாக நிற்கும், முறுக்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஸ்குரு வருகிற இடத்தில் எல்லாம் உள்ளே சின்னச் சின்ன பிளைவுட் துண்டு வைத்தேன். யோசனை எல்லாம் நல்ல யோசனைதான். கை அவசரப்பட்டது. சனிக்கிழமைக்குள் இறுக வேண்டுமே என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினேன். உச்சி வெயில் வேறு. ரோலர் போட்டு முடிப்பதற்குள் ரெசின் கூழாகத் திரண்டுவிட்டது. மடிப்பு முனையை உருட்டி விடாமல் கூர்மையாக விட்டிருந்தேன். அந்த முக்கில் மேட்டு சரியாகப் படியவில்லை.

சாயங்காலம் அச்சிலிருந்து எடுத்துத் தட்டினேன். டங், டங், டங். பின்பக்கம் வலது முக்கில், மோட்டாருக்குக் கீழே, டொப்.

இன்னொரு தடவை தட்டினேன். டொப்.

சாக்பீஸ் பக்கத்திலேதான் இருந்தது. மகள் வாசலில் உட்கார்ந்து நீலப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெட்டிப் பூசினால் ஒரு நாள் போகும், அது காய இன்னொரு நாள். சனிக்கிழமை தப்பிப் போகும்.

"சரியா இருக்கா அத்தா?"

"கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

நானே பிரஷை வாங்கி அந்த முக்கில் இரண்டு கோட்டிங் கூடுதலாக அடித்தேன்.

சனிக்கிழமை அசர் தொழுகைக்கு நின்றபோதும் எனக்கு அந்த முக்குதான் ஞாபகம். கருவாடு காயப் போடுகிற சிமெண்டுத் தளம் அன்று காலியாகக் கிடந்தது. கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் அடித்தது. மச்சினன் ஒரு வள்ளத்து உடைசலைச் சாய்த்து வைத்து மேடை கட்டினான். மகள் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஓட்டுவதும் அவளே என்று முன்னாலேயே பேச்சு.

முதல் குதிப்பு. வண்டி நாலு காலும் ஒன்றாகத் தொப்பென்று இறங்கி, எம்பி, ஓடியது. "ஏ!" என்று அவள் கத்தினாள்.

இரண்டாவது. காற்று ஒரு பக்கமாக இழுத்தது. வண்டி சாய்ந்து, வலது பின் சக்கரம் மட்டும் முதலில் சிமெண்டைக் குத்தியது. அதே முக்கு. உருண்டு நிமிர்ந்து நின்றது.

"நிக்கிது! அத்தா, நிக்கிது!"

"புள்ளைக்குத் தோதான கைதான் போ" என்றான் மச்சினன். "கடைசி ஒண்ணு. இன்னும் ரெண்டு செங்கல் ஏத்துறேன், சும்மா ஜெயிக்க விடுவேனா?"

அவன் செங்கல் எடுக்கப் போனான். நான் வண்டியைத் தூக்கி அடியில் பெருவிரலை ஓட்டினேன். நீலப் பெயிண்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பார்த்தால் பெயிண்டு கீறல் மாதிரி. எனக்குத் தெரியும், அது கீறல் இல்லை, விரிசல். பலகை நின்றாலும் நிற்கலாம். ஒரே ஒரு குதிப்புக்கு நின்றுவிட்டால் வண்டி அவளுக்கு, இதை யாரும் ஒரு நாளும் அறியப் போவதில்லை. நிற்காமல் போனால், மூன்று குதிப்பு கேட்டது மாமாதான், செங்கல் ஏற்றியது மாமாதான் என்று சொல்லிவிடலாம். இதையும் நான் நினைத்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். வியர்வையில் முகமெல்லாம் மணல்.

"அத்தா, தாங்கும்ல?"

வாயைத் திறந்தேன். தாங்கும் என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்லப் போவதை ஏற்கெனவே நம்பிவிட்டு, மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்து காசை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"நீயே தட்டிப் பாரு. பின்னாடி முக்குல."

அவள் குந்தி உட்கார்ந்து வண்டியைத் தொடையில் கவிழ்த்துப் போட்டாள். டங். டங். டொப். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பத் தட்டினாள். டொப்.

"இப்ப ஆனதா அத்தா?"

"இல்லமா. வியாழக்கிழமையே கேட்டுச்சு."

"பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

செங்கலோடு வந்த மச்சினன் நின்றுவிட்டான். பிறகு சிரித்துச் சமாளித்தான். "என்ன மச்சான், ஓட்டை வள்ளத்தைத்தான் இறக்கினீங்களா? சரி விடு புள்ள, செங்கல் வைக்கல. பழைய மாதிரியே ஓட்டு. நின்னாலும் நிக்கும்."

அவள் எழுந்து தளத்து ஓரம் போனாள். உடைந்த சிப்பி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வண்டியின் அடியில், அந்த முக்கில், நீலப் பெயிண்டு உரிய உரிய ஒரு வட்டம் கீறினாள்.

"வேணாம் மாமா. வட்டம் போட்டாச்சு."

ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"வள்ளத்துலயும் இப்படிப் பூசிருக்கீங்களா அத்தா?"

மச்சினன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அல்லா மேல ஆணையா இல்லமா."

அது உண்மை. ஆனால் அவள் தலையை ஆட்டவில்லை. வியாழக்கிழமை கல்லு மாதிரி இருக்கு என்று சொன்னதும் இதே வாய்தானே.

வீடு வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அந்த நூறு அடி தூரம் நான் நடந்ததிலேயே நீளமான தூரம். மறுநாள் வண்டி மச்சினன் பெட்டிக்குள் போனது. பலகையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அவள் கடைசியாக ஒரு தடவை சக்கரத்தைப் பிரஷால் தேய்த்துக் கொடுத்தாள், அழவில்லை. அவன்தான் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

திங்கட்கிழமை காலையில் பட்டறையில் ஒரு வள்ளம் இறக்குவதற்குத் தயாராக நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேர் அதில் வலைக்குப் போகப் போகிறவர்கள். ஏற்கெனவே தட்டிப் பார்த்து முடித்த வள்ளம். நான் காசை எடுத்து மூக்கிலிருந்து திரும்பத் தட்டிக்கொண்டே வந்தேன். "என்ன, இன்னிக்கு வேற வேலை இல்லையா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். மத்தியானச் சோற்றுக்குக்கூட நான் போகவில்லை. முழுக்க டங்தான். ஆனாலும் கடைசி முழம் வரைக்கும் தட்டிவிட்டுத்தான் காசைப் பையில் போட்டேன்.

அந்த வாரம் அவளிடம் பேச்சு கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவளே அந்த நீலப் பலகையையும் ஆக்சா பிளேடையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"வெட்டுங்க. உள்ள பாக்கணும்."

வட்டத்தின் மேலேயே அறுத்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவு ஒரு குழி. அதிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, முக்கால் பலகை தூரம் ஓடியிருந்தது. மூன்றாவது குதிப்புக்குக் கட்டாயம் நின்றிருக்காது. அவள் அந்த விரிசலை நகத்தால் கடைசி வரைக்கும் தடவிப் பார்த்தாள். "முனையை இப்படிக் கூரா விடக் கூடாதுல்ல?" என்றாள்.

மூன்றாவது பலகை செய்ய எட்டு நாள் எடுத்துக்கொண்டோம். வண்டியே இல்லை, அவசரம் என்ன? மடிப்பை உருட்டையாக விட்டோம். ஹார்ட்னரை அவள் மருந்து மூடியில் அளந்து ஊற்றினாள். அச்சிலிருந்து எடுத்ததும் நான் காசைத் தொடவில்லை, அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். தட்டிக்கொண்டே வந்தவள் ஓரத்தில் ஓர் இடத்தில் நின்றாள். இரண்டு தடவை தட்டினாள். சாக்பீஸை எடுத்து, வேர்க்கடலை அளவுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டாள். வெட்டினோம், பூசினோம், காயவிட்டோம், திரும்பத் தட்டினாள்.

அந்தப் பலகை இப்போது ஃபிரிட்ஜுக்கு மேலே துணி சுற்றி இருக்கிறது. பெயிண்டு அடிக்க அவள் விடவில்லை.

போன வாரம் மச்சினன் வீடியோ காலில் வந்தான். நோன்புக்கு முன்னால் லீவு கிடைக்குமாம். வண்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

"கொண்டு வாங்க மாமா" என்றாள்.

"பலகை எப்படி இருக்கு? கல்லு மாதிரியா?" என்று அவன் எனக்குத்தான் கொக்கி போட்டான், அவள் சொல்லியிருப்பாள்.

நான் காசை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் பலகையை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, காசால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தட்டிக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவனும் போனில் காதை வைத்துக் கேட்டான்.

"சரிடி. அப்ப மூணு குதி."

"நாலு மாமா. அன்னிக்கு நிப்பாட்டின ஒண்ணு பாக்கி இருக்குல்ல."