சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது

கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, கதவு திறந்ததும் பேனாவை நீட்டுவது. ப்ரோனியா சுடோல் நீட்டவே மாட்டாள். முதலில் வாசலில் படுத்திருக்கும் நாயை விசாரிப்பாள். அப்புறம் தக்காளிச் செடி. அப்புறம், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "அட, நீ நம்ம கட்சியிலதான பதிஞ்சிருக்க? இதுல ஒரு கையெழுத்து போட்டுடேன்" என்பாள். பேனாவை அட்டையோடு நூலால் கட்டி வைத்திருப்பாள். எங்கள் பஃபலோவின் கிழக்குப் பக்கத்தில் வாங்கின பேனாவைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் குறைவு.

முப்பது வருடம் நான் அவளோடு தெருத் தெருவாக நடந்தவன். பெயர் லென் மஷ்னிக், எஃகு ஆலைக்காரன். லிப்கா தெருவில் அவள் வீடு நாற்பத்தேழு, நேர் எதிரே என் வீடு நாற்பத்தாறு. மாநிலச் சட்டசபைக்கு நிற்பவர் பெயர் வாக்குச்சீட்டில் ஏற வேண்டுமானால் தொகுதிக்குள் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கட்சிக்குப் பச்சைத் தாள். ஜூன் பிறந்ததும் ப்ரோனியா பச்சைத் தாள்களோடு என் வாசலில் வந்து நிற்பாள்.

"என்ன லென், கால் இருக்கா, கழட்டி வச்சுட்டியா?"

"கூட்டிட்டுப் போ தாயே, வீட்ல இருந்தா டிவியோட சண்டை போடுவார்" என்று என் மனைவி ஹெலன் பின்னாலிருந்து தள்ளிவிடுவாள்.

என்ன நாட்கள் அவை! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் படிக்கட்டில் இருபது கையெழுத்து. சந்தையில் சாசேஜ் வாங்க நிற்கும் வரிசையில் பதினைந்து. வெயில் தாங்காமல் நான் பியர்க் கடைக்குள் நழுவினால், பின்னாலேயே வந்து அங்கேயும் எட்டு வாங்கிவிடுவாள். அவள் புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்ற கால், சாயங்காலம் மாடிப்படி ஏறச் சலிக்காது. எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஆனால் தாள் விஷயத்தில் அவள் ராட்சசி. ஒரு தடவை ஒரு மனுஷன் தன் கையெழுத்தோடு பெண்டாட்டியுடையதையும் சேர்த்துப் போட்டுவிட்டான். ஏற்கெனவே ஒன்பது பேர் போட்டிருந்த தாள் அது. அவன் கண் முன்னாலேயே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி, ஒன்பது போச்சே!" என்றேன்.

"கீழ என் பேர்ல சத்தியம் பண்ணியிருக்கேன் லென். உன் பேர்லயா பண்ணியிருக்கு?"

ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வாங்கியவரின் உறுதிமொழி உண்டு. நான் இந்தத் தொகுதியில் வசிக்கிறேன், இவர்கள் என் எதிரில்தான் கையெழுத்திட்டார்கள் என்று. முப்பது வருடத்தில் அவள் தாளில் ஒரு வரியைக்கூட எவனும் அடித்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது. "எதிர்வீட்டுக்காரி வந்து நின்னா எவனுக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரும்? அது கேக்குறதில்ல, மடக்குறது." அதனால் வாக்காளர் பட்டியலில் லிப்கா தெருப் பக்கத்தை நாங்கள் இருவரும் திறந்ததே இல்லை. எங்களுக்குள் மட்டும் ஒரு வழக்கம். என் முதல் தாளின் முதல் வரியில் அவள் கையெழுத்து, அவளுடையதில் என்னுடையது.

தொண்ணூற்றிரண்டில் புது வரைபடம் வந்தது. பத்து வருடத்துக்கு ஒரு முறை ஜனங்களை எண்ணி முடித்ததும் தொகுதிக் கோடுகளை மாற்றிப் போடுவார்கள். போடுவது யார்? அதே தொகுதிகளில் ஜெயித்து உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். அநியாயத்தைக் கேட்க ஆளில்லை. எங்கள் வட்டாரத்தை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு தூரத்துப் புறநகரோடு ஒட்டிவிட்டார்கள். சர்ச் ஒரு தொகுதி, அதன் கார் நிறுத்துமிடம் வேறு தொகுதி.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த மார்லீன் டுட்கோவுக்குப் பொறுக்கவில்லை. பதவியில் இருப்பவரை எதிர்த்து நானே நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் ப்ரோனியாவை எங்கள் போலிஷ் வழக்கப்படி சோச்சா என்பாள், அத்தை என்று அர்த்தம்.

"சோச்சா, நீங்க இருந்தா நான் நிக்கிறேன். இல்லன்னா விட்டுடறேன்."

"நில்லுடி. உன் பேரு சீட்டுல ஏறும், அதுக்கு நான் ஆச்சு."

அந்த வருடம் ஹெலன் இல்லாத மூன்றாவது ஜூன். ப்ரோனியா வந்து இழுக்காவிட்டால் நான் வீட்டை விட்டு இறங்கியிருக்கவே மாட்டேன். புது வரைபடத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக எண் பார்த்தாள். இது உள்ளே, இது வெளியே. மொத்தம் எழுநூற்று முப்பத்தொன்று சேர்ந்தது. அதில் இருநூற்று எண்பத்தெட்டு அவள் ஒருத்தி வாங்கியது.

எதிர்த்தரப்பு ஆட்சேபணை போட்டது. என் தாள்களில் ஒரே ஒரு வரிக்குத்தான் ஆட்சேபணை, முதல் தாளின் முதல் வரி, ப்ரோனியாவின் கையெழுத்து. காரணம், தொகுதிக்கு வெளியே வசிப்பவர்.

ப்ரோனியா விழுந்து விழுந்து சிரித்தாள். "இவனுங்களுக்கு வரைபடம்கூடப் பாக்கத் தெரியல!"

விசாரணையன்று தேர்தல் அலுவலகத்தில் நல்ல புழுக்கம். நடத்திய அதிகாரி ஷெரிடன் எங்களுக்குப் பழக்கமானவர்தான். எதிர்த்தரப்பு வக்கீல் இளவயசு, மரியாதையாகவே பேசினான்.

"அம்மா, உங்க தாள்கள்ல ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியல. நெசமாவே பிரமாதம். நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"லிப்கா தெரு, நாற்பத்தேழு."

அவன் பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்தான். ப்ரோனியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். விரல் ரயில் பாதையில் தொடங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. கோடு தெருவின் நட்டநடுவில் ஓடியது. இரட்டைப்படை எண்கள் உள்ளே, ஒற்றைப்படை வெளியே. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் தொகுதிக்கு வெளியே என்றால் அவள் சத்தியம் பண்ணிய தாள்கள் அத்தனையும் செல்லாது. அப்போதைய சட்டம் அப்படி. என் தாளில் அவள் போட்ட ஒன்றும் சேர்ந்து போக, மார்லீனுக்கு மிஞ்சுவது நானூற்று நாற்பத்திரண்டு. மார்லீன் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "அவ நாற்பத்தேழுல இல்ல! என் வீட்லதான் இருக்கா, நாற்பத்தாறுல!"

அறையே சிரித்தது. ஷெரிடன் சிரிக்கவில்லை. "ப்ரோனியா, இவர் சொல்றது உண்மையா? நீங்க சொன்னா எழுதிக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் மார்லீன் பெயர் சீட்டில் ஏறிவிடும். மார்லீன் அவளையே பார்த்தாள். ப்ரோனியா கண்ணாடியைக் கழற்றினாள்.

"இல்ல சார். இவன் சமையலச் சாப்ட்டுட்டு எவ குடியிருப்பா? நான் நாற்பத்தேழுதான். கோடு சரியாத்தான் இருக்கு. நான்தான் பாக்கல."

இருநூற்று எண்பத்தெட்டும் போயின.

திரும்பும்போது என் காரில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஊர்ல ஒருத்தர் வீட்டு நம்பர் விடாம பாத்தேனே லென். என் வீட்டு நம்பரப் பாக்கலியே. அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்தேனே."

"நானும்தான் பாக்கல" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்குவது குறைந்துபோனது. அடுத்த ஜூனில் சட்டசபைத் தேர்தல் இல்லாததால் பச்சைத் தாள் வேலை எதுவும் இல்லை, என் வாசலுக்கு யாரும் வரவும் இல்லை. எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? ஒரு காலையில் நானே தெருவைத் தாண்டிப் போய்த் தட்டினேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல ஒரு பொய் சொன்னேன்ல. அத நெசமாக்கிடலாமா?"

கதவைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொந்தத் தெருவுல கேக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எனக்கு எப்படி மாட்டேன்னு சொல்ல வாய் வரும்?"

அந்த இலையுதிர் காலத்தில் சர்ச்சில் கல்யாணம். இருபது பேர், முட்டைக்கோஸ் கொழுக்கட்டை, ஒரு அக்கார்டியன். குடும்பப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "பேர மாத்துனா அந்த வக்கீலுக்குக் கொண்டாட்டமாயிடும்" என்றாள்.

தொண்ணூற்றுநான்கில் மார்லீன் மறுபடி நின்றாள். மறுபடி ஆட்சேபணை, அதே அறை, அதே வக்கீல். பச்சைத் தாளில் விரலை வைத்தான்.

"அம்மா, போன தடவை நாற்பத்தேழுன்னு நீங்களே சொன்னீங்க. இப்போ நாற்பத்தாறுன்னு இருக்கு. அது யார் வீடு?"

ப்ரோனியா என் பக்கம் கையை நீட்டினாள். "அதோ, அன்னிக்குப் பொய் சொன்னானே, அவன் வீடு. இப்போ என் வீடு."

ஷெரிடன் இந்த முறை சிரித்துவிட்டார். அவள் தாளில் ஒரு வரியும் அடிபடவில்லை. மார்லீன் தோற்றாள், அது வேறு கதை. பெயர் சீட்டில் இருந்தது.

ப்ரோனியா போய்ப் பல வருடம் ஆகிறது. தொண்ணூற்றுநான்காம் வருடத்து என் முதல் தாளின் நகலை ஜூன் மாதங்களில் எடுத்துப் பார்ப்பேன். முதல் வரியில் அவள் கையெழுத்து, பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய முகவரி, நாற்பத்தாறு, லிப்கா தெரு.