ஹவ் என்றால் ஆமாம்

முதல் நாள் மவுஸைக் கையில் கொடுத்தபோது, அதைத் தூக்கி டிவி ரிமோட் மாதிரி கம்ப்யூட்டருக்கு நேராக நீட்டினேன். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பில், ஒருத்தன் வாயிலிருந்த பிஸ்கட் என் முதுகில் தெறித்தது.

"ஆயம்மா, டேபிள் மேல வை! தேய்க்கணும்!"

தேய்த்தேன். திரையில் அம்புக்குறி ஓடியது. என் கை இங்கே அசைய அங்கே அது ஓடுகிறது. உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பக்கத்து அடுப்பில் பிள்ளைகளுக்கு வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எட்டாவது பாதியில் நின்றவள் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் முழுசாக ஒரு வருஷம் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன். ஓசூரில் ரோஜாப் பண்ணையில் முள் நீக்கினேன். தெலுங்கு தேசத்துக்கு வந்து பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவினேன். அங்கே கைத்தோல் உரியும். புதுத்தோல் வருவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும். போக வர ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் மடியில் இரண்டு டிபன் பைகள் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கு மட்டும் தனியாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டேன். கிளம்புவதில் நான் கெட்டிக்காரி. ஒரு பை, ஒரு போர்வை, போன் சார்ஜர். அவ்வளவுதான்.

அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற மெட்டுகுடாவில் ஒரு தமிழ் மேடம் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகளை அப்பா அம்மா வரும்வரை பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் எல்கேஜி, யுகேஜி, ஒண்ணாங்கிளாஸ். பாதிப் பேர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், மீதி கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கை கால் கழுவிவிட வேண்டும், பால் கொடுக்க வேண்டும், சண்டை விலக்க வேண்டும். நான் தமிழில் பேசுவேன். அவர்களுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ அரைகுறைத் தமிழிலோ, எது முதலில் வாய்க்கு வருகிறதோ அதில் வரும்.

கம்ப்யூட்டர் நான் சேர்ந்து கொஞ்ச நாளில் வந்தது. ஒரு பிள்ளையின் அப்பா அம்மா புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, பழையதை மைக்கோடும் ஸ்பீக்கரோடும் கொண்டுவந்து வைத்தார்கள். அதிலே நெட்டில் ஒரு ரயில் விளையாட்டைப் போட்டுக் காட்டினார்கள். படத்தைத் தொட்டால், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஆர் யூ ரெடி, டிரைவர்?" என்று கேட்கும். மைக்கில் "எஸ்" என்று சொன்னால் ரயில் கிளம்பும். வழியில் சிக்னல் வரும். அது என்ன நிறம் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் போகும், சிவப்பு என்றால் "ஸ்டாப்" சொல்லி நிறுத்த வேண்டும். சொல்லாவிட்டால் தண்டவாளத்தில் படுத்திருக்கும் மாடு எழுந்து நின்று முறைக்கும். கடைசியில் ஒரு ஸ்டேஷன், பலூன், கைத்தட்டல்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? வீடே அதிர்ந்தது.

ஆனால் ரயில் கிளம்பவில்லை. முதல் நாள் உட்கார்ந்தவனிடம் அந்தக் குரல், "ஆர் யூ ரெடி, டிரைவர்?" என்றது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹவ்!" என்றான்.

ஹவ் என்றால் இந்த ஊரில் ஆமாம். இங்கே வந்து ஒரு வாரம் இருந்தால் யார் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெட்டிக்குள் இருப்பவள் இந்த ஊர்க்காரி இல்லையே. அவள் காதில் அது 'எப்படி?' என்று இங்கிலீஷில் கேட்டதாக விழுந்தது. உடனே ரொம்பச் சந்தோஷமாக, எப்படி விளையாடுவது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்து, மறுபடி "ஆர் யூ ரெடி?" என்றாள். "ஹவ்!" மறுபடி முதலிலிருந்து.

"பாகல் ஹை க்யா ஏ ஆன்ட்டி?" என்றான் அவன். இந்த ஆன்ட்டிக்கு என்ன பைத்தியமா?

அன்று முழுவதும் ரயில் கிளம்பவில்லை. விஷயம் பிடிபட்டதும் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பழக்கினார்கள். "ஹவ் நக்கோ, ஹவ் வேண்டாம்! எஸ் சொல்லு, எஸ்!" பாலைக் குடிக்கும்போதும் எஸ், செருப்பு மாட்டும்போதும் எஸ். எனக்கும் சேர்த்துத்தான் பாடம். பிள்ளைகள் போன பிறகு தரையைத் துடைத்துவிட்டு, நான் ஒரு தடவை உட்கார்ந்து ரயிலை ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தேன். பலூன் பறந்தபோது துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் கைதட்டினேன்.

வம்பு வந்தது லோகோ பைலட்டிடமிருந்து. ரயில் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம், பேசும் தமிழில் பாதி இந்த ஊர்ப் பேச்சு. அவருடைய மகள் யுகேஜி, இரட்டைச் சடைக்காரி. ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப் போக வந்தவர், வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் ஓடி முடிவதற்காக வாயைப் பிளந்தபடி காத்திருந்தது.

"கைக்கு மேடம் இதெல்லாம்?" என்றார். கைக்கு என்றால் எதுக்கு. "நாள் பூரா கண்ணாடிக்கு முன்னாடி உட்காந்து சிக்னல் பாக்கறவன் நான். என் பொண்ணும் கண்ணாடிக்கு முன்னாடிதான் உட்காரணுமா? பாருங்க அந்தப் புள்ளைய, கல்லு மாதிரி இருக்கு."

"அது சும்மா வெயிட் பண்றது சார்" என்றார் மேடம்.

"அதான் சொல்றேன். இந்த வயசுல ஓடணும், விழணும். இத எடுத்துடுங்க. நான் மட்டும் சொல்லல, மத்தவங்களும் சொல்றாங்க."

மற்றவர்களும் சொல்லத்தான் செய்தார்கள், இவர் சொன்ன பிறகு. கண் போய்விடும், கழுத்து வளைந்துவிடும், வீட்டிலும் போன், இங்கேயும் இதுவா என்று. மேடம் சண்டை போடுகிறவர் இல்லை. "சனிக்கிழமை எல்லாரும் வந்து ஒரு தடவை நேர்ல பாருங்க. பாத்துட்டும் வேண்டாம்னா, மாடிக்கு ஏத்திடறேன். அப்புறம் இறக்கவே மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை யாருடைய முறை என்று பார்த்தால், பெஞ்சில் உட்காரும் வரிசைப்படி இரட்டைச் சடைக்காரிதான். அவளுக்கு அதுதான் முதல் முறை. தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஓட்டி முடிக்கும்வரை காத்திருந்தவள்.

பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

"மீ டாடி வச்சி கம்ப்யூட்டர் தீஸ்கெள்த்தாடு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். உங்க அப்பா வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"நஹி! தூக்க மாட்டாரு!"

"தூக்குவாரு. உனக்கு டர்ன் வராது. யாருக்கும் வராது. எல்லாம் உன்னாலதான்."

அவள் என்னிடம் வந்து, புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "ஆயம்மா, நான் நல்லா ஓட்டினா டாடி விட்டுடுவாரா?"

எனக்கு என்ன தெரியும்? "எஸ் சொல்லப் பழகு முதல்ல" என்றேன். வாழைப்பழம் உரித்துக்கொண்டே, "ரெடியா?" என்று கேட்பேன். "எஸ்!" தலை வாரிவிடும்போது, "ரெடியா?" "எஸ்!" ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வேறு ஊராக இருந்தால் எனக்கு என்ன வந்தது, பெட்டி மாடிக்குப் போனால் என் வேலை குறையும் என்று இருந்திருப்பேன். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, மைக் சரியாக இருக்கிறதா என்று நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை அறை நிறைந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் அப்பாக்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். லோகோ பைலட் கடைசியில், கதவோரம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. இரட்டைச் சடைக்காரி நாற்காலியில் ஏறினாள், கால் தரையில் எட்டவில்லை. நான் படத்தை அழுத்தினேன்.

"ஆர் யூ ரெடி, டிரைவர்?"

"ஹவ்!"

பிள்ளைகள் எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் இருப்பவள் உற்சாகமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லி முடித்து மறுபடி கேட்டாள். பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தாள், திரும்பி மைக்கைப் பார்த்தாள்.

"ஹ... ஹவ்!"

"என்ன மேடம், ரயில் லேட்டா?" என்றார் ஒரு அப்பா. சிரிப்பு. "சிக்னல் கிடைக்கலையோ என்னவோ" என்றார் இன்னொருவர். லோகோ பைலட் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா? பேசினாலும் புரியாத மெஷின்கிட்ட புள்ளைங்களை உட்கார வச்சிருக்கீங்க" என்றார்.

மூன்றாம் முறை அந்தக் குரல் கேட்டது. இரட்டைச் சடைக்காரி வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து "எஸ்!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது.

முதல் சிக்னல் தூரத்தில் வந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் மைக்கில் வாயை வைத்து நிறத்தைச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவள் வலது கையை நேராக முன்னால் நீட்டினாள். சிக்னலைச் சுட்டிக் காட்டினாள். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்:

"கிரீன்!"

கதவோரத்திலிருந்து, அதே நொடி, கனமான ஒரு குரல் வந்தது:

"கிரீன்!"

எல்லாரும் திரும்பினோம். லோகோ பைலட்டின் வலது கை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அது அங்கே போனது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. மெதுவாக இறக்கித் தலையைச் சொறிந்தார்.

"நீங்க இன்னைக்கு டூட்டியில இல்லைங்க" என்றார் அவர் மனைவி. பிறகு எங்களிடம், "இன்ஜின்ல இவங்களுக்கு அப்படித்தான் ரூல். ஒருத்தர் சிக்னல் பாத்துக் கூப்பிட்டா, இன்னொருத்தர் திருப்பிச் சொல்லியே ஆகணும். இவர் வண்டியில ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும், ரோட்டு சிக்னல்ல அப்பனும் மகளும் இப்படித்தான் கத்திட்டுப் போவாங்க. போலீஸ்காரரே சிரிப்பாரு" என்றார்.

அதற்குள் அடுத்த சிக்னல். "எல்லோ!" என்று கை நீட்டினாள் மகள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மகள் கையை இறக்கவில்லை. நீட்டியபடியே காத்திருந்தாள். ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"டாடி! திருப்பிச் சொல்லணும்!"

"எல்லோ!" என்றார் அவர். "வேகத்தைக் குறை, அடுத்தது சிவப்பா இருக்கும்."

சிவப்பாகவே இருந்தது. அவர் எப்போது கதவை விட்டு நடு அறைக்கு வந்தார் என்று நான் பார்க்கவில்லை. "ரெட்!" "ரெட்!" "பிரேக் போடு, பிரேக் போடு!" "ஸ்டாப் சொல்லணும் டாடி, பிரேக் இல்ல!" "ஸ்டாப்!" "ஸ்டாப்!" அப்பா, மகள், பிள்ளைகள், சுவரில் சாய்ந்திருந்த அப்பாக்கள் எல்லாரும். ரயில் மாட்டின் மூக்கில் இடிக்காமல் நின்றது. மாடு எழுந்து போனது. யாரோ விசில் அடித்தார்கள். மேடமாக இருக்க முடியாது, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

"அதெல்லாம் சரி" என்றார் லோகோ பைலட், திரைக்குக் கிட்டக் குனிந்து. "எந்த ஊர் ரயில் இது? சிக்னல் கம்பத்தை ரைட் சைடுல நட்டு வச்சிருக்கான், நம்ம லைன்ல லெஃப்ட்லதான் இருக்கும்!"

அடுத்த பச்சைக்கு அறையே கூப்பிட்டது, அறையே திருப்பிச் சொன்னது. ஸ்டேஷன் வந்து பலூன் பறந்தபோது இரட்டைச் சடைக்காரி நாற்காலியிலிருந்து குதித்து, நேராகப் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"டாடி, மாடிக்கு ஏத்தணுமா?"

அவர் மேடத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"ஒத்தையா உட்கார வைக்காதீங்க மேடம்" என்றார் கடைசியில். "அதான் எனக்குப் பிடிக்கல. கேபின்ல எப்பவும் ரெண்டு பேர். ஒருத்தர் கூப்பிடணும், ஒருத்தர் திருப்பிச் சொல்லணும். ஒரு ட்ரிப் முடிஞ்சதா, இறங்கி வெளிய போய் ஓடட்டும். அப்படின்னா இருக்கட்டும்."

"இந்தச் சத்தத்துல எங்க காது என்ன ஆகும் சார்?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஜன்னலிலிருந்து. அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

அன்றே இன்னொரு நாற்காலி போட்டோம். திங்கட்கிழமை பிள்ளைகளை இரண்டிரண்டாக உட்கார வைத்தபோது ஒருத்தி மிஞ்சினாள். இரட்டைச் சடைக்காரி. அவளோடு ஜோடி சேர்ந்தவனுக்குக் காய்ச்சல்.

"நீ வா ஆயம்மா" என்றாள். "நீ அசிஸ்டென்ட். நான் கூப்பிட்டா நீ திருப்பிச் சொல்லணும். தூங்கக் கூடாது."

அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். முதுகு நிமிர்ந்தது, கை தானாகத் தயாரானது. பட்டான்செருவில் எத்தனையோ மெஷின்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஒன்றுகூட என்னை எதுவும் கேட்டதில்லை. இது கேட்டது:

"ஆர் யூ ரெடி, டிரைவர்?"

அவள் முந்துவதற்குள் என் வாயிலிருந்து சத்தமாக வந்துவிட்டது:

"ஹவ்!"

"ஆயம்மா!" என்று பெஞ்சு முழுக்கக் கத்தியது. பெட்டிக்குள் இருந்தவள் ரொம்பச் சந்தோஷமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.