கணினியில் குடியேறியவன்

மிலுங்கா என் ஓரகத்தி. கிகிந்தா என்ற எங்கள் ஊரில் எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே முற்றம். அதிர்ந்து பேசத் தெரியாதவள். அதனால்தான் அவள் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே ரதிவோயின் கம்பெனிக்குப் பில் தட்டச்சு செய்தாள். ரதிவோய் அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். எங்களுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி அந்த உறவுதான். வேலைக்கான மென்பொருளை அவள் சொந்தக் கணினியில் போடச் சொன்னான். திரையில் வந்த நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' அழுத்தினாள். ஞானத்தகப்பன் நீட்டியதை வாசித்துப் பார்ப்பது அவனைத் திருடன் என்பதற்குச் சமம்.

கூடுதல் நேரத்துக்கு அவன் சம்பளம் தரவில்லை. உடன் வேலை செய்த ஐந்து பெண்களுக்காக மிலுங்கா அதே கணினியில் தொழிலாளர் ஆய்வாளருக்கு மனு எழுதினாள். அதை அனுப்பும் முன்பே ஐந்து பேருக்கும் வேலை போனது. இவளை மட்டும் விட்டுவைத்தான், படுபாவி.

சந்தேகம் வந்து கணினியைக் காட்டினோம். அவள் தட்டுவதையெல்லாம் ரதிவோய்க்கு அனுப்பிக்கொண்டிருந்த உளவு மென்பொருளைப் பழுது பார்ப்பவர் கண்டுபிடித்து அழித்தார். கணினியை மறுபடி போட்டதும் அது திரும்ப வந்து உட்கார்ந்தது. வக்கீலம்மாவிடம் போனோம்.

"கம்ப்யூட்டர் உங்களுதுதான். ஆனா அதைப் போட நீங்கதானே சம்மதிச்சீங்க?"

"போன்னு சொன்னாலும் போகாம இருக்கறதுக்கு நான் எப்பம்மா சம்மதிச்சேன்?" என்றாள் மிலுங்கா.

"அதுவும் அந்த நிபந்தனையில இருக்கு. கேஸ் போடலாம், வருஷக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னு சொல்ல முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருடன் பூந்தா, கதவ நீதானே தொறந்தேன்னு கேக்கறதுதான் சட்டமா?"

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்தாள்.

மிலுங்கா வேலையை விட்டாள். அந்தப் பெண்களிடம் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மிஷினு போட்டுக்குடுத்துச்சாம்! உன் சீட்டு மட்டும் எப்படிடி கிழியல?" என்று கோர்தானா கதவைச் சாத்தினாள்.

டிசம்பரில் குடும்பப் புனிதர் திருநாள் வந்தது. அன்று யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். வந்தவர் யாரானாலும் திருப்பி அனுப்பக் கூடாது. மிலுங்கா மீன் சமைத்தாள், இனிப்புக் கோதுமை கிளறினாள்.

"அஞ்சு பேரும் வருவாங்கக்கா. இன்னிக்குப் போயி யாரும் கோவம் பாக்க மாட்டாங்க."

முதலில் வந்தது ரதிவோயின் கார்.

"புனிதர் நாளுக்கு நான் வராம இருப்பேனா, தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான். அவள் கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது எனக்கு.

ஜன்னல் வழியே பார்த்தால், அவள் சொன்னபடியே ஐந்து பேரும் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற காரைக் கண்டதும் நின்றார்கள். பிறகு திரும்பி நடந்தார்கள்.

நான் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். கோர்தானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விருந்தாளிதான் வந்துட்டாரே, போய்க் கவனிங்க."