ஜூரோங் குன்றில் கிடைத்த சிப்பி

கல்யாணமான புதிதில் நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் லாரி ஓட்டினார். ஜூரோங்கில் தொழிற்சாலைகள் கட்டுவதற்காகக் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவருக்கு மண் ஏற்றி இறக்குவதுதான் வேலை.

ஒருநாள் அவர் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார். மஞ்சள் கல்லின் மேல் கறுப்பாக, கிளை கிளையாகப் பிரிந்த சிறு செடி.

"இலை கல்லாயிருச்சு போல. ஒனக்கு ஸ்கூலுக்கு ஆகும்னு எடுத்தேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதைத்தான் புதைபடிவம் என்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். மறுநாளே வகுப்பில் மேசைமேல் வைத்து, பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பெரணி இலை என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எல்லாரும் நோட்டில் வரைந்தார்கள். அதன்பிறகு அவர் வாரந்தோறும் கல் கொண்டுவந்தார். முட்டைபோல ஒன்று, எலும்புபோல ஒன்று. பொதுச் சமையலறையில் எங்கள் அடுப்புக்குக் கீழே கல் சேர்ந்துகொண்டே போனது. பக்கத்து அறை அம்மா, "வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஒரு பள்ளி விடுமுறையில் நல்ல கற்களாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கற்களைச் சுத்தம் செய்து அடுக்கும் வேலையில் ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். முட்டையை வாங்கிச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். உள்ளே செங்கல் நிறத்தில் துருதான் இருந்தது.

"இரும்புக்கல், டீச்சர். இங்க மண்ணுல நெறைய உருண்டு கெடக்கும்."

எலும்பும் வெறும் கல்தான். கடைசியாக, மிக நம்பிக்கையோடு, பெரணியை நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை என் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே பாருங்க. இலைன்னா நடுவுல நரம்பு ஓடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிரியும். இதுல ஓடுதா?"

பார்த்தேன். ஓடவில்லை. கிளைகள் போன போக்கில் போயிருந்தன.

"கல்லு வெடிச்ச எடத்துல தண்ணி எறங்கி கறை படிஞ்சிருக்கு. ஈரத் தாள்ல மை பரவுற மாதிரி. ரொம்பப் பேரு இதுல ஏமாந்து போவாங்க."

பேருந்தில் திரும்பும்போது, அந்த இலையை வரைந்த நாற்பது நோட்டுகளும்தான் கண்முன் வந்தன. இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"அழகா இருந்துச்சே" என்றார். பிறகு, "நான் குடுத்ததுன்னு பாக்காத. பிள்ளைங்ககிட்ட உண்மையச் சொல்லிடு."

பள்ளி திறந்ததும் சொன்னேன். "இது இலை இல்லை. நான் சொன்னது தவறு." முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்ப வரைஞ்சத அழிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். அழிக்க வேண்டாம், கீழே 'கல்லில் படிந்த கறை' என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உண்மையான புதைபடிவம் ஒன்றாவது கிடைக்குமா என்று தேட, முதலாளியிடம் கேட்டு அதே லாரியில் அவர் என்னை ஜூரோங்குக்குக் கூட்டிப்போனார். வெட்டுப்பட்ட குன்றில் ஊதாவும் சிவப்புமாக அடுக்கடுக்கான பாறை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அடுக்கின் வாட்டத்தில் உளி வைத்துப் பிளந்து கொடுப்பார். நான் பள்ளியிலிருந்து எடுத்துவந்த பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். வெயில் உச்சிக்கு வரும்வரை எதுவும் இல்லை.

பிறகு ஒரு கல் இரண்டாகத் திறந்தது. ஒரு பாதியில் விரல் நகத்தளவு விசிறி புடைத்திருந்தது. மறுபாதியில் அதே விசிறி குழிந்திருந்தது. அவசரப்பட்டு வாயைத் திறக்கவில்லை. வெடிப்பு ஏதும் இருந்ததா என்று பார்த்தேன், இல்லை. வரிகளை எண்ணினேன். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கி, சீரான இடைவெளியில் விரிந்தன.

"என்னங்க, இங்க வாங்களேன்."

அவர் குனிந்து பார்த்தார். "சிப்பியா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றேன். நிச்சயமாகச் சொல்லும் துணிச்சல் வரவில்லை.

இருவருமாக அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனோம். அந்த இளைஞர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிப்பிதான், டீச்சர். இங்கயே குடுத்துட்டுப் போறீங்களா? ரெண்டு பாதியும் ஒண்ணா இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

ஒரு பாதியையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கணவரைப் பார்த்தேன். "குடுத்துடு லா. பெரிய பெட்டியில பத்திரமா இருக்கும்" என்றார். கொடுத்துவிட்டேன். வெளியே வந்து கோப்பி குடிக்கும்போது, "வருத்தமா?" என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

அந்தக் குன்றையும் பின்னால் அவர்தான் நடை நடையாக அள்ளிக்கொண்டுபோய்ச் சதுப்பில் கொட்டினார். அது தீரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம் ஞாயிறுகளில் போய்வந்தோம். மொத்தம் நான்கு சிப்பிகள் கிடைத்தன. இன்று அவரும் இல்லை. சிப்பிகளைவிட அந்த வெயில்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது: அவர் கல்லைப் பிளந்து "இது?" என்பார். நான் பார்த்துவிட்டு, "வெறும் கல்லு" என்பேன். முகம் சுளிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.