பீரோவுக்குள் பந்து

திண்டிவனம் பக்கத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த விளையாட்டு ஆசிரியர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஊதிக் கேட்டதில்லை. தன் பீரியடையெல்லாம் கணக்கு வாத்தியாரான எனக்குத் தந்துவிட்டு, அபிமான அணி வீரர்களின் படம் போட்ட கிரிக்கெட் கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். எல்லாம் இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடாத பவுலர்களின் கார்டுகள்.

"நாளைக்கு வரப்போறவன இப்பவே புடிச்சி வச்சிக்கினு இருக்கேன் சார்" என்பார்.

ஒருநாள் மதிய இடைவேளையில், ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி துணிப்பந்தை வீசி, நட்டிருந்த குச்சியை மூன்று தடவை சாய்த்தாள்.

"சார், அந்தப் பொண்ணு நல்லா போடுது. வந்து பாருங்க."

அவர் நிமிரவில்லை. "அதுக்குக் கார்டு வந்தா சொல்லுங்க சார், மொத ஆளா வாங்கிடறேன்."

ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உள்ளே பள்ளிக்கு வந்த பந்துகள் உறை பிரிக்காமல் கிடந்தன.

மணி அடித்தது. அவள் வகுப்புக்கு அடுத்தது விளையாட்டுப் பீரியட். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.